புதிய உலோகப் பொஸ்பேற்றுப் பளிங்கு ஒன்றைச் செய்வதும் அதை நிரூபிப்பதும்

திருகோணமலையிலிருந்து வடக்கே, நிலாவெளியும் குச்சவெளியும் தாண்டிக் கரையோரமாகப் போனால் ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் புல்மோட்டை வரும். அங்கே கடற்கரை மணல் கறுப்பாகக் கிடக்கும். இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த இல்மனைட் என்ற கனியம்தான் அந்தக் கறுப்பு. அதோடு ரூட்டைல், சிர்கன் ஆகியவையும் கலந்திருக்கும். இன்னொன்றும் உண்டு, நூற்றுக்கு ஒரு பங்குகூட வராது. மஞ்சளும் கபிலமுமான சிறு மணிகள். அதன் பெயர் மொனசைட். சீரியம், இலந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்களும் கொஞ்சம் தோரியமும் பொஸ்பேற்றோடு சேர்ந்து உண்டான பளிங்கு அது. அதாவது, எங்கள் மாவட்டக் கரையில் ஒரு பளிங்குருவான உலோகப் பொஸ்பேற்று இயற்கையாகவே கிடக்கிறது.

இப்படி ஒரு பொருளை, அதுவும் இதுவரை யாரும் செய்யாத ஒன்றை, ஆய்வுகூடத்தில் எப்படிச் செய்கிறார்கள்? செய்தபின் 'இது புதியதுதான்' என்று எப்படி உறுதிப்படுத்துகிறார்கள்? உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறவர்களையும் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டில் இருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செய்வதற்கு இரண்டு மூன்று நாள் போதும். செய்தது என்ன என்று நிரூபிப்பதற்கு மாதங்கள் ஆகும். எந்தவொரு கருவியும் தனியாக முழுப் பதிலைத் தராது என்பதுதான் காரணம்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். பொஸ்பேற்று என்பது நடுவில் ஒரு பொஸ்பரஸ், சுற்றிலும் நான்கு ஒட்சிசன். நான்கும் ஒரு நான்முகியின் நான்கு மூலைகளில் இருக்கும். பொஸ்பரசுக்கும் ஒட்சிசனுக்கும் இடைத் தூரம் ஏறக்குறைய 1.5 ஆங்ஸ்ட்ரம். ஓர் ஆங்ஸ்ட்ரம் என்பது ஒரு மில்லிமீற்றரின் கோடியில் ஒரு பங்கு. உலோக அயன் பெரும்பாலும் ஆறு ஒட்சிசனைத் தன்னைச் சுற்றி வைத்துக்கொண்டு எண்முகியாக நிற்கும். சில உலோகங்கள் நான்கோடு நிற்கும். நான்முகியும் எண்முகியும் மூலையிலுள்ள ஒட்சிசனைப் பங்குபோட்டுக்கொண்டு தொடரும்போது சங்கிலி வரலாம், தாள் தாளாக அடுக்கு வரலாம், உள்ளே சுரங்கங்கள் ஓடும் முப்பரிமாண வலை வரலாம். அந்த ஒழுங்கு எல்லாத் திசையிலும் மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால் அது பளிங்கு. ஒழுங்கு இல்லாமல் குழம்பிக் கிடந்தால், மூலகங்களின் விகிதம் சரியாகவே இருந்தாலும், அது பளிங்கல்ல.

இந்த வடிவங்களுக்குப் பயன் இருப்பதால்தான் ஆட்கள் புதியவற்றைத் தேடுகிறார்கள். 1982 இல் யூனியன் கார்பைட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அலுமினியப் பொஸ்பேற்றில் நுண்துளைகள் கொண்ட ஒரு குடும்பத்தையே வெளியிட்டார்கள். அதில் ஒன்றின் துளை அகலம் சுமார் 7.3 ஆங்ஸ்ட்ரம், சிறிய மூலக்கூறு உள்ளே போகும், பெரியது வெளியே நிற்கும். 1997 இல் அமெரிக்க விஞ்ஞானி குட்இனஃபின் குழு இலித்தியம் இரும்புப் பொஸ்பேற்றை மின்கலத்துக்குரிய பொருளாக முன்வைத்தது. இன்று சூரிய மின்சாரத்தைச் சேமிக்கிற பெற்றரிகளில் 'எல்எஃப்பி' என்று போட்டிருப்பது அதுதான். பொஸ்பரஸ் தன் ஒட்சிசனை இறுகப் பிடித்து வைத்திருப்பதால் சூடேறினாலும் ஒட்சிசன் எளிதில் வெளியேறாது. அந்த பெற்றரியின் பாதுகாப்புக்கு அதுவே முக்கிய காரணம். குட்இனஃபுக்கு 2019 இல் நோபல் பரிசு கிடைத்தது, இலித்தியம் அயன் மின்கலத்துக்காக.

நான் உதாரணமாக எடுத்துக்கொள்ளப் போவது சிர்க்கோனியம் பொஸ்பேற்று. புல்மோட்டைச் சிர்கனில் இருக்கிற அதே உலோகம் என்பதால் எங்களுக்குப் பக்கத்துப் பொருள். தவிர, இதன் கதையே இந்தத் துறையின் போக்கை நன்றாகக் காட்டுகிறது.

சிர்க்கோனியம் உப்பு ஒன்றின் கரைசலில் பொஸ்போரிக் அமிலத்தை ஊற்றிப் பாருங்கள். உடனே வெள்ளையாகக் கூழ் விழும். அந்தக் கூழ் நேர் அயன்களைப் பிடித்து மாற்றிக்கொள்ளும் என்பது முன்னரே தெரிந்திருந்தது. ஆனால் அது பளிங்கல்ல. சிர்க்கோனியமும் பொஸ்பேற்றும் சந்தித்த கணமே ஒன்றையொன்று பிடித்துவிடுகின்றன; சரியான இடம் பார்த்து உட்கார அவகாசமே இல்லை. 1964 இல் கிளியர்ஃபீல்ட், ஸ்டைன்ஸ் ஆகிய இருவரும் அந்தக் கூழைச் செறிந்த பொஸ்போரிக் அமிலத்தில் நீண்ட நேரம் கொதிக்கவைத்துப் பளிங்காக்கினார்கள். சூடான அமிலத்தில் கூழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், மறுபடி படியும். தவறான இடத்தில் ஒட்டியது கழன்று வந்து சரியான இடத்தில் ஒட்டும். இப்படித் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுப்பதுதான் பளிங்கு வளர்ப்பின் சூட்சுமம் முழுவதும்.

இதே வேலையை மூடிய கலத்தில் செய்தால் அது நீர்வெப்பத் தொகுப்பு. உருக்குக் கலம், அதனுள்ளே டெஃப்லான் கிண்ணம். உலோக உப்பு, பொஸ்போரிக் அமிலம், நீர், தேவையானால் ஓர் அமைன், எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டு, இறுக்கி மூடி, அடுப்பில் 120 முதல் 200 பாகை செல்சியஸ் வரை ஒன்றிரண்டு நாள் முதல் ஒரு வாரம் வரை வைப்பார்கள். வீட்டுப் பிரஷர் குக்கர் மாதிரித்தான், ஆனால் விசில் கிடையாது. குக்கரில் நீர் 121 பாகையளவில் கொதிக்கும். 180 பாகையில் மூடிய கலத்துக்குள் நீராவியின் அழுத்தம் மட்டும் 10 பார் ஆகிவிடும். அதனால் கிண்ணத்தை ஒருபோதும் நிரப்புவதில்லை. மூன்றில் இரண்டு பங்களவோடு நிறுத்துவார்கள். நீர் சூடாகி விரிந்து இடமே இல்லாமல் போனால் அழுத்தம் கட்டுக்கடங்காமல் எகிறும். சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. இதை வீட்டிலோ மேற்பார்வை இல்லாத இடத்திலோ செய்து பார்க்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். சில செய்முறைகளில் ஐதரோபுளோரிக் அமிலமும் வரும். தோலில் பட்டால் உள்ளே ஊடுருவி எலும்புவரை போகிற அமிலம் அது. பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே தொட வேண்டியது.

அமைன் எதற்கு? கரைசலில் அது நேரேற்றம் பெற்று நிற்கும். பொஸ்பேற்று வலை எதிரேற்றம் உடையது. ஆகவே வலை அமைனைச் சுற்றி வளரும். பிறகு அமைனை எரித்து நீக்க முடிந்தால் அந்த இடம் துளையாக மிஞ்சும். நீக்கும்போது வலையே இடிந்து விழுவதும் அடிக்கடி நடக்கும்.

உலோகத்துக்கும் பொஸ்பரசுக்கும் உள்ள விகிதம், அமிலத்தன்மை, வெப்பநிலை, நேரம், நீரின் அளவு, அமைனின் வகை என்று மாற்றக்கூடியவை பல. இவற்றில் ஒன்றைச் சற்று நகர்த்தினால் வேறு பொருள் வரும். பொதுவாக, வெப்பநிலை கூடக் கூட அடர்த்தியான, துளையற்ற அமைப்புகள் முந்தும். துளையுள்ளவை வேண்டுமானால் சூட்டைக் குறைத்துப் பார்க்க வேண்டும். இன்ன கலவையில் இன்ன அமைப்பு வரும் என்று முன்கூட்டியே அடித்துச் சொல்ல இன்னும் முடிவதில்லை. கலத்தைத் திறந்தால் பெரும்பாலும் கூழ் இருக்கும், அல்லது முன்பே எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருள் இருக்கும். அந்தப் பலன்களையும் குறித்து வைப்பவர்களுக்குத்தான் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பது புலப்படும்.

சரி, ஒரு நாள் கலத்தின் அடியில் மினுங்கும் துகள்கள் கிடைத்துவிட்டன. வடிகட்டி, நீரால் கழுவி, உலர்த்தியாயிற்று. அப்புறம் என்ன?

விலை உயர்ந்த கருவிக்கு ஓட வேண்டாம், முதலில் நுணுக்குக்காட்டி. முனைவாக்கிகள் (ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் தகடுகள்) இரண்டைக் குறுக்காக வைத்து, நடுவே துகளைப் போட்டு மேடையை மெதுவாகச் சுழற்றுங்கள். நல்ல ஒற்றைப் பளிங்கு பிரகாசமாகத் தெரிந்து, ஒரு கோணத்தில் முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டு, மறுபடி பிரகாசிக்கும். 90 பாகைக்கு ஒரு தடவை இருளும். பாதி இருண்டு பாதி வெளிச்சமாக நின்றால் அது இரண்டு பளிங்கு ஒட்டிப் பிறந்தது, ஒதுக்கிவிடலாம். நிலாவெளிப் பக்கத்து உப்பளத்து உப்பை இதே மேடையில் வைத்தால் எப்படித் திருப்பினாலும் இருட்டுத்தான். உப்பின் அமைப்பு கனசதுரம், ஒளிக்கு எல்லாத் திசையும் ஒன்றே. ஆக, ஐந்து நிமிடத்தில், ஒரு செலவும் இல்லாமல், சமச்சீரைப் பற்றிய ஒரு தகவல் கையில் வந்துவிடுகிறது. இந்த நுணுக்குக்காட்டி வேலையை அவசரப்படாமல் செய்யும் மாணவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அடுத்தது தூள் எக்ஸ் கதிர்க் கோணல். 1912 இல் ஃபொன் லாவேயின் குழு பளிங்கு எக்ஸ் கதிரைச் சிதறடித்து ஒழுங்கான புள்ளிகளாக்கும் என்று காட்டியது. அடுத்த ஆண்டே தந்தையும் மகனுமான பிராக் இருவரும் அதைக் கொண்டு உப்பின் அமைப்பைப் பிரித்தறிந்தார்கள். 1915 இல் நோபல் பரிசு வந்தபோது மகன் லோரன்ஸ் பிராக்குக்கு வயது 25. அவர்களது சமன்பாடு மிக எளியது: அடுக்குகளின் இடைத்தூரத்தை இரண்டால் பெருக்கி, கதிர் அடுக்கில் படும் கோணத்தின் சைனாலும் பெருக்கினால், கதிரின் அலைநீளம் வரும், அல்லது அதன் முழுவெண் மடங்கு வரும்.

போட்டுப் பார்ப்போம். செப்புக் குழாயிலிருந்து வரும் எக்ஸ் கதிரின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ரம். பளிங்கான சிர்க்கோனியம் பொஸ்பேற்று அடுக்கடுக்கானது. ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்குச் சுமார் 7.6 ஆங்ஸ்ட்ரம். 1.54 ஐ 15.2 ஆல் பிரித்தால் 0.101. அந்தச் சைனுக்குரிய கோணம் 5.8 பாகை. கருவி கோணத்தின் இரு மடங்கைத்தான் வரைபில் காட்டும் என்பதால் முதல் முனை, அதாவது வரைபு கூராக உயரும் இடம், 11.6 பாகையளவில் நிற்க வேண்டும். அங்கேதான் நிற்கும். கூழை வைத்தால் அந்த இடத்தில் கூரிய முனை எதுவும் இராது, அகன்ற மேடு ஒன்றே தெரியும். அடுக்குகளுக்கிடையே பெரிய மூலக்கூறு ஒன்றை நுழைத்தால் இந்த முனை இடப்பக்கம், அதாவது சிறிய கோணத்துக்கு, நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தே அடுக்கு எவ்வளவு விலகியது என்று கணக்கிட்டுவிடலாம்.

கிடைத்த வரைபை, இலட்சக்கணக்கான பொருள்களின் வரைபுகள் அடங்கிய தரவுத்தளத்தோடு ஒப்பிடுவார்கள். எல்லா முனையும் ஏற்கெனவே உள்ள ஒன்றோடு பொருந்தினால், அது பழைய பொருள். எதோடும் பொருந்தாவிட்டால் ஆர்வம் பிறக்கும். ஆனால் அத்தோடு 'புதியது' என்று ஆகிவிடாது. இரண்டு பழைய பொருள்கள் கலந்திருந்தாலும் வரைபு அந்நியமாகத் தெரியும். தட்டையான பளிங்குகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துவிட்டால் சில முனைகள் அளவுக்கு மீறி உயர்ந்து, சில காணாமலே போகும். சிர்க்கோனியம் பொஸ்பேற்று போன்ற தாள் வடிவப் பொருள்களில் இது எப்போதும் வருகிற தொந்தரவு.

ஆகவே ஒற்றைப் பளிங்கு ஆய்வு. பளிங்கின் அளவு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். ஒரு துளி எண்ணெய்க்குள் ஊசி முனையால் பளிங்கைத் தள்ளி, மெல்லிய வளையமொன்றில் ஏந்தி, கருவியில் பொருத்துவார்கள். குளிர்ந்த நைதரசன் வாயு அதன்மீது வீசிக்கொண்டிருக்கும். எண்ணெய் உறைந்து பளிங்கை அசையாமல் பிடிக்கும். அணுக்களின் நடுக்கமும் குறையும். பளிங்கைச் சுழற்றிச் சுழற்றி ஆயிரக்கணக்கான புள்ளிகளின் செறிவை அளந்து, அதிலிருந்து எந்த இடத்தில் எவ்வளவு இலத்திரன் அடர்த்தி என்று கணினி வரைந்து தரும். பளிங்குக்கு இருக்கக்கூடிய சமச்சீர் வகைகள் மொத்தம் 230. இது அதில் எது என்பதும் தெரியவரும். சிர்க்கோனியம் பொஸ்பேற்றுக்கு இந்த அமைப்பு 1969 இல்தான் வெளிவந்தது, பளிங்காக்கி ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு. ஒவ்வொரு பொஸ்பரசும் மூன்று ஒட்சிசன்களால் மூன்று சிர்க்கோனியங்களைப் பிணைக்கிறது; நான்காவது ஒட்சிசன் ஓர் ஐதரசனோடு அடுக்கிடை வெளியை நோக்கி நிற்கிறது. கூழ் ஏன் அயன்களை மாற்றிக்கொண்டது என்ற கேள்விக்கும் இதோடு விடை கிடைத்தது: அந்த ஐதரசன்தான் கழன்று, வேறொரு நேர் அயனுக்கு இடம் கொடுக்கிறது. 1970களில் சிறுநீரக நோயாளர்களின் இரத்தச் சுத்திகரிப்புத் திரவத்திலிருந்து அமோனியத்தை அகற்றச் சிர்க்கோனியம் பொஸ்பேற்றைப் பயன்படுத்தியதும் இந்தக் குணத்தை வைத்துத்தான்.

ஒற்றைப் பளிங்கு ஆய்வுக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. எக்ஸ் கதிர் இலத்திரனைத்தான் பார்க்கும். சிர்க்கோனியத்தில் 40 இலத்திரன், ஐதரசனில் ஒன்றே ஒன்று. பக்கத்தில் இவ்வளவு பாரமான உலோகம் இருக்கும்போது ஐதரசன் எங்கே என்று காண்பது கடினம். பொஸ்பேற்றுகளில் ஐதரசனின் எண்ணிக்கை பிழைத்தால் ஏற்றக் கணக்கே பிழைத்துவிடும், ஆகவே வேறு வழியில் எண்ண வேண்டும்.

அதற்கு மிக எளிய வழி நிறுப்பது. பொருளைச் சிறிது சிறிதாகச் சூடாக்கிக்கொண்டே எடையைப் பதிவு செய்யும் கருவி இருக்கிறது. நம் உதாரணத்தில் ஒரு சிர்க்கோனியம் (91.2), இரண்டு ஐதரசன் பொஸ்பேற்று (ஒவ்வொன்றும் 96.0), ஒரு நீர் (18.0), கூட்டினால் 301.2. முதலில் அடுக்குகளுக்கிடையே இருந்த நீர் போகும்: 18 ஐ 301.2 ஆல் பிரித்தால் 6 சதவீதம். இன்னும் பல நூறு பாகை ஏற்றினால் இரண்டு ஐதரசன் பொஸ்பேற்றும் சேர்ந்து ஒரு நீரை இழந்து பைரோபொஸ்பேற்றாகும்: மறுபடி 6 சதவீதம். 100 மில்லிகிராம் வைத்தால் 88 மில்லிகிராம் மிஞ்ச வேண்டும். வரைபில் இந்த இரண்டு படிகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் விழுந்தால் ஐதரசன் கணக்குச் சரி. 92 மிஞ்சினால் நீங்கள் எழுதிய சூத்திரம் தவறு, அல்லது மாதிரியில் வேறெதுவோ கலந்திருக்கிறது. உயர்தர மாணவர் ஒருவருக்கு இந்தக் கணக்கு இரண்டு நிமிட வேலை. ஒரு ஆய்வுக் கட்டுரையையே நிறுத்திவைக்கும் பலம் அதற்கு உண்டு.

மூலக விகிதத்தையும் தனியாக அளக்க வேண்டும். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பொருளை வைத்து அதிலிருந்து வெளிவரும் எக்ஸ் கதிர்களின் சக்தியைப் பார்த்தால் என்னென்ன மூலகம் என்று தெரியும். எளிது, வேகமானது. ஆனால் எங்கள் உதாரணத்தில் அது காலை வாரிவிடும்: பொஸ்பரசின் முக்கியக் கோடு 2.01 கிலோ இலத்திரன் வோல்ற்றில், சிர்க்கோனியத்தின் முக்கியக் கோடு 2.04 இல். சாதாரணக் கருவிக்கு இரண்டும் ஒரே முனை. இதைக் கவனிக்காமல் அது அச்சிட்டுத் தரும் சதவீதத்தை அப்படியே எழுதிக்கொண்டால் விகிதம் தவறாகிவிடும். பொருளைக் கரைத்து, பிளாஸ்மாச் சுடரில் தெளித்து, ஒளியைப் பிரித்து அளக்கிற முறைதான் இங்கே நம்பகமானது.

அகச்சிவப்பு நிறமாலை பொஸ்பேற்றையும் நீரையும் ஐதரொட்சி அலகையும் உடனே காட்டிக்கொடுக்கும். பொஸ்பரஸ் கரு காந்தப் பரிவு இன்னும் உதவி: இயற்கையிலுள்ள பொஸ்பரஸ் முழுவதும் ஒரே சமதானி, அதுவும் இந்த அளவீட்டுக்கு ஒத்துவரக்கூடியது. பளிங்குக்குள் எத்தனை விதமான பொஸ்பரஸ் சூழல் இருக்கிறது என்பதைச் சமிக்ஞைகள் சொல்லும். இரும்பு, கோபால்ட் போன்ற காந்த உலோகங்கள் இருந்தால் சமிக்ஞை அகன்று மங்கிப்போகும். அப்போது காந்த அளவீடுகளின் பக்கம் திரும்ப வேண்டியதுதான்.

இவ்வளவும் முடிந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது, தொடக்கநிலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். அமைப்பைக் கண்டது ஒரேயொரு பளிங்கில். எடையிழப்பு, மூலக விகிதம், துளைகள் உறிஞ்சும் அளவு எல்லாம் அளந்தது போத்தலில் இருக்கிற தூளில். இரண்டும் ஒன்றுதானா? நுணுக்குக்காட்டியில் மிக அழகாகத் தெரிந்த பளிங்கைத்தானே பொறுக்கினோம். தூளில் பத்தில் ஒன்பது பங்கு வேறொன்றாக இருக்க முடியும். ஆகவே ஒற்றைப் பளிங்கில் கண்ட அமைப்பிலிருந்து தூள் வரைபு எப்படி இருக்க வேண்டும் என்று கணினியில் கணித்து, தூளிலிருந்து அளந்த வரைபின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். 1969 இல் ரீட்வெல்ட் வெளியிட்ட முறை இதை இன்னும் நுட்பமாகச் செய்யும்: வரைபின் ஒவ்வொரு புள்ளியையும் கணித்த கோட்டோடு பொருத்தி, எஞ்சும் வித்தியாசத்தைக் காட்டும். பொருந்தாத சிறு முனை ஒன்று எங்காவது எஞ்சினாலும் அது எதனுடையது என்று சொல்லியாக வேண்டும்.

'புதியது' என்ற சொல்லுக்கும் படிகள் உண்டு. தெரிந்த அமைப்பில் உலோகத்தை மட்டும் மாற்றியிருந்தால் சேர்வை புதியது, அமைப்பு பழையது. அதே சூத்திரத்தில் அணுக்கள் வேறு விதமாக அடுக்கப்பட்டிருந்தால் புதிய பல்லுருவம். இதுவரை எந்தப் பொருளிலும் காணாத இணைப்பு முறை என்றால் அமைப்பே புதியது, அது அரிது. கட்டுரையில் இந்த மூன்றில் எது என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். என்னைக் கேட்டால், முதல் வகையை நேர்மையாக முதல் வகை என்றே எழுதுவது போதுமான பெருமை. இலித்தியம் இரும்புப் பொஸ்பேற்றின் அமைப்புக்கூட இயற்கையில் திரிஃபிலைட் என்ற கனியமாக முன்பே இருந்ததுதான்.

கடைசி வேலை பதிவு. அணுக்களின் இடங்கள், திரும்பத் திரும்ப வரும் சிறு அலகின் அளவுகள், பிழை எல்லைகள் எல்லாம் ஒரு நியமக் கோப்பாக எழுதப்படும். தானியங்கிச் சோதனை ஒன்று அதைப் படித்து, பிணைப்பு நீளம் இயல்புக்கு மாறாக இருக்கிறதா, விட்டுப்போன சமச்சீர் இருக்கிறதா என்று எச்சரிக்கும். பிறகு கேம்பிரிட்ஜிலும் கார்ல்ஸ்ரூவிலும் உள்ள தரவு நிலையங்கள் கூட்டாக நடத்தும் களஞ்சியத்தில் கோப்பை வைத்தால் அதற்கென ஓர் எண் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் அந்த எண்ணைக் கொண்டு கோப்பை எடுத்துச் சரிபார்க்கலாம். அதோடு செய்முறையையும் முழுதாக எழுத வேண்டும்: எந்த உப்பு எத்தனை கிராம், அமிலத்தின் செறிவு, கிண்ணத்தின் கொள்ளளவு, எவ்வளவு நிரப்பியது, எத்தனை மணி நேரம், எந்த வேகத்தில் ஆறவிட்டது, எதனால் கழுவியது. அனுப்புவதற்கு முன் ஆய்வுகூடத்தில் வேறொருவரிடம் அந்தத் தாளை மட்டும் கொடுத்துச் செய்யச் சொல்லி, அவருடைய தூளின் வரைபிலும் அதே முனைகள் வருகின்றனவா என்று பார்த்துவிட்டு அனுப்புவது நல்லது.